கறுப்புப் பிசாசும் ரப்பர் கயிறும்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டார். ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றியும், கட் அடித்துவிட்டுப் பார்த்த சினிமாக்களைப் பற்றியும் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம் சங்கத்தில் நிறையப் பேர் உண்டு. ஆகவே, நமக்கெல்லாம் நூறு வருஷம் சீனியரான ஒரு மாணவர் கூட்டத்தைப் பற்றி எழுதலாம் என்று உத்தேசம். அவர்கள் நம் கல்லூரிக்காரர்கள் இல்லை. ஜெர்மனியின் மேற்கு எல்லையில் உள்ள ஆகன் நகரத் தொழில்நுட்பக் கல்லூரிக்காரர்கள்.

வருஷம் 1920. ஜெர்மனி போரில் தோற்றுப்போயிருந்தது. ஆகன் நகரில் பெல்ஜியப் படை முகாமிட்டிருந்தது. வெர்சாய் ஒப்பந்தம் விமானத் தயாரிப்பை முடக்கிவிட்டது. விமானம் படிக்க வந்த பையன்களுக்கு விமானமே கிடையாது! ஆனால் இன்ஜின் இல்லாத கிளைடரைப் பற்றி ஒப்பந்தம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சந்து ஒன்றே அவர்களுக்குப் போதுமாயிருந்தது.

ஃபிராங்க்ஃபர்ட்டில் 'ஃப்ளூக்ஸ்போர்ட்' என்ற விமானப் பத்திரிகை நடத்திவந்த ஆஸ்கர் உர்சினுஸ், ரோன் மலையில் வாஸர்குப்பே என்ற மொட்டைக் குன்றின் மேல் கிளைடர் போட்டி அறிவித்தார். உயரம் 950 மீட்டர். நம் ஏற்காட்டை விடவும் குறைச்சல்தான். ஆனால் மரமில்லாத சரிவு, எந்நேரமும் காற்று. கிளைடருக்கு வேறென்ன வேண்டும்?

ஆகனில் வுல்ஃப்காங் கிளெம்பரர் என்ற இளைஞர், போரில் விமானத்தில் பறந்தவர், மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு சங்கம் ஆரம்பித்தார். விமான அறிவியல் சங்கம் என்று பொருள். ஜெர்மன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கிளைடர் தரை இறங்கிவிடும், எஃப்.வி.ஏ. என்றே வைத்துக்கொள்வோம். இவர்களுக்கு இடம் கொடுத்தவர் ஏரோடைனமிக்ஸ் துறைத் தலைவர் தியோடர் வான் கார்மான். 'கார்மான் வோர்டெக்ஸ் ஸ்ட்ரீட்' என்று ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரில் நம்மில் பாதிப் பேரைக் கவிழ்த்தாரே, அதே கார்மான்தான்.

அங்கே உருவான கிளைடருக்குப் பெயர் 'கறுப்புப் பிசாசு'. கறுப்புத் துணி போர்த்தியிருந்ததால் வந்த பெயர். இறக்கையின் நீளம் நுனிக்கு நுனி சுமார் ஒன்பதரை மீட்டர். எடை அறுபது கிலோ சொச்சம். ஓட்டுகிறவரைவிட விமானம் இளைத்தது!

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்தக் காலத்துக் கிளைடர்களில் பெரும்பாலானவை இரண்டு இறக்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவே குச்சியும் கம்பியுமாக இழுத்துக் கட்டியவை. பார்த்தால் துணி உலர்த்தும் கொடி மாதிரி இருக்கும். ஒவ்வொரு கம்பியும் காற்றை எதிர்க்கிறது. இன்ஜின் இருந்தால் அந்த நஷ்டத்தைப் பெட்ரோல் ஈடுகட்டும். கிளைடருக்கு மூலதனம் உயரம் ஒன்றுதான், இழுவை அதை வட்டி போட்டுத் தின்றுவிடும். ஆகன் பையன்கள் ஒரே இறக்கை வைத்தார்கள். அதைத் தடிமனாக்கி, தாங்கும் சட்டங்களை உள்ளேயே ஒளித்தார்கள். வெளியே ஒரு கம்பி கிடையாது. நம் பாஷையில் கான்டிலீவர். இந்த யோசனைக்கு அந்த ஊரில் ஒரு பரம்பரையே உண்டு. அதே கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஹ்யூகோ யுங்கர்ஸ்தான் 1915-ல் கம்பிக்கட்டு இல்லாத முழு உலோக விமானத்தைப் பறக்கவிட்டவர்.

அந்த முதல் போட்டி விளையாட்டுக் காரியமாக இருக்கவில்லை. ஆய்கன் வான் லோஸல் என்ற போட்டியாளர் குன்றிலிருந்து விழுந்து இறந்துபோனார். அத்தோடு கடையைக் கட்டியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கட்டவில்லை. தாமதமாக வந்துசேர்ந்த கறுப்புப் பிசாசு 2 நிமிடம் 22 விநாடி பறந்து 1,830 மீட்டர் தாண்டிப் போய் இறங்கியது. கணக்குப் போட்டால் மணிக்குச் சுமார் 46 கிலோமீட்டர். டவுன் பஸ் வேகம்தான், ஆனால் அந்த வருஷப் போட்டியில் அதை மிஞ்ச ஆளில்லை.

என்னைக் கேட்டால், அவர்கள் அந்தக் குன்றுக்குக் கொண்டுவந்ததில் பெரிய சரக்கு இறக்கைகூட இல்லை, ஒரு ரப்பர் கயிறு. அதுவரை கிளைடர் கிளப்புவது என்றால் ஓட்டுகிறவர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு சரிவில் ஓட வேண்டும். கால்தான் இன்ஜின், கால்தான் சக்கரம். அப்படி ஓடித் தூக்க முடிகிற எடைக்குள்தான் விமானமும் இருக்கலாம். கிளெம்பரர் என்ன செய்தார்? கயிற்றின் நடுவைக் கிளைடரின் மூக்குக் கொக்கியில் மாட்டினார். இரண்டு முனையையும் இரண்டு அணி பிடித்துக்கொண்டு V வடிவத்தில் சரிவில் ஓடும். வாலை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். கயிறு விறைத்ததும் வாலை விட்டால் போச்சு, உண்டிவில் கல்தான்! கயிறு தானாகக் கழன்று விழுந்துவிடும். கிளைடர்க்காரர் ஜம்மென்று உட்கார்ந்தபடியே கிளம்பலாம்.

பிறகு பல வருஷம் பயிற்சிக் கிளைடர்கள் இந்த முறையில்தான் கிளம்பின. அவற்றில் இருந்தது ஒரே ஸீட், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வாத்தியாருக்கு இடம் கிடையாது. முதல் நாளே தனி ஆள். ஒருவன் அரை நிமிடம் பறக்க எட்டுப் பத்துப் பேர் கயிறு இழுக்க வேண்டும். இறங்கியதும் எல்லாருமாகக் கிளைடரை மேட்டுக்குச் சுமக்க வேண்டும். அடுத்த முறை அவன் கயிறு இழுப்பான், வேறொருவன் பறப்பான்.

1921-ல் அடுத்த கிளைடர் 'நீல எலி'. ஆகஸ்ட் 30-ம் தேதி கிளெம்பரர் அதில் 13 நிமிடம் மிதந்தார். சரிவில் மோதிய காற்று மேலே ஏறும், அதன் மேல் சவாரி. 1911-ல் ஆர்வில் ரைட் வைத்த 9 நிமிடம் 45 விநாடி சாதனை உடைந்தது. அடுத்த வருஷமே ஹானோவர் மாணவர்கள் 'வேம்பயர்' கிளைடரில் மூன்று மணி நேரத்தைத் தாண்டிவிட்டார்கள். அதற்குச் சக்கரத்துக்குப் பதில் கால்பந்துகள்! இன்று மியூனிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1920-ல் பெர்லினிலும் இப்படி ஒரு மாணவர் விமானக் குழு பிறந்தது. அதை ஆரம்பித்தவர்களில் ஒருவர் கர்ட் டாங்க். 1956-ல் பெங்களூருக்கு வந்து, 1961-ல் முதலில் பறந்த நம் எச்.எஃப்.-24 மாருத் விமானத்தை வடிவமைத்தாரே, அவரேதான்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. உங்களிடம் இருக்கும் சாஃப்ட்வேரில் அந்த இறக்கையின் பலத்தை ஒரு மத்தியானத்தில் கணக்கிட்டுவிடலாம். வேலையில் நானும் தினமும் செய்வது அதுதான். ஆனால் கணக்குப் போட்டவனே அதில் ஏறி உட்காரும்போது ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி என்பது வேறு மாதிரி புரியும். ஆசிரியப் பெருமக்கள் கோபிக்கக் கூடாது. மாலை ஐந்து மணிக்கு மேல் ஒர்க்‌ஷாப் சாவி மாணவர் கையில் இருக்குமா என்பதுதான் என் கேள்வி.

கார்மான் பிறகு அமெரிக்காவில் கால்டெக் போனார். 1936-ல் ராக்கெட் விட வேண்டும் என்று சில மாணவர்கள் வந்து நின்றபோது அவர்களுக்கும் சரி என்றார். வளாகத்தில் அவர்களுக்குத் 'தற்கொலைப் படை' என்று பட்டப்பெயர். அந்தக் கூட்டத்திலிருந்துதான் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரி வளர்ந்தது. ஆகனில் எஃப்.வி.ஏ. இன்னும் இருக்கிறது, மாணவர்கள் இன்னும் கிளைடர் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.