மயாமி: கூரையில் சூரியன், காலடியில் கடல்

இன்னைக்கு எபிசோடை ஒரு வெந்நீர்க் குழாயிலிருந்து ஆரம்பிக்கலாம்.

வருஷம் 1938-ன்னு வச்சுக்கோங்க. அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையில், ஃப்ளோரிடா மாநிலத்தில், மயாமி நகரம். புதுசா கட்டின ஒரு சின்ன வீடு. குளியலறைக் குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டுகிறது. கரண்ட் இல்லை, கேஸ் இல்லை, விறகும் இல்லை. கூரை மேல் ஏறிப் பார்த்தால் கண்ணாடி மூடிய ஒரு தட்டையான பெட்டி இருக்கிறது. உள்ளே வளைந்து வளைந்து போகும் செப்புக் குழாய், கறுப்பு பெயின்ட். வெயிலில் சூடாகும் தண்ணீர் லேசாகி, தானாகவே மேலே ஏறி ஒரு தொட்டிக்குள் போகும். கனமான குளிர்ந்த தண்ணீர் கீழே இறங்கி அந்த இடத்தைப் பிடிக்கும். பம்ப்பே வேண்டாம். தொட்டி அசிங்கமா தெரியக்கூடாதுன்னு அதைச் சுற்றிப் பொய்யாக ஒரு புகைபோக்கி கட்டி மறைத்த வீடுகளும் உண்டு. அடுப்பே எரியாத வீட்டுக்குப் புகைபோக்கி!

இந்த டிசைன் கலிஃபோர்னியாவில் பிறந்தது. வில்லியம் பெய்லி என்பவர் 1909-ல் அங்கே விற்க ஆரம்பித்தார். பகலில் சூடாக்கிய தண்ணீரை இரவு முழுக்கச் சூடு குறையாமல் வைத்திருந்ததால் அதன் பெயரே 'டே அண்ட் நைட்'. 1920-களில் கலிஃபோர்னியாவில் மலிவான இயற்கை எரிவாயு கிடைத்ததும் அங்கே வியாபாரம் படுத்துவிட்டது. அதே நேரம் மயாமியில் ரியல் எஸ்டேட் வெறி. 1920-ல் சுமார் 30,000 பேர் இருந்த ஊர், 1930-ல் 1,10,000 பேரைத் தாண்டியது. அங்கே கேஸ் கிடையாது, மின்சாரம் யானை விலை. வெயில் மட்டும்தான் இலவசம். 1923-ல் ஃப்ளோரிடாவுக்கான உரிமையை ஒரு உள்ளூர்க் கட்டுமானக்காரர் வாங்கினார். 1926 செப்டம்பரில் வந்த பெரும் புயல் நிலவிலை மாயையை உடைத்தபோது இந்தத் தொழிலும் விழுந்து, 1930-களில் அரசாங்க வீட்டுக்கடன் திட்டங்களின் தயவில் மறுபடி எழுந்தது. 1941-க்குள் மயாமி மக்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சூரியன் சூடாக்கிய தண்ணீரில்தான் குளித்தார்கள் என்கிறார்கள் சூரிய ஆற்றல் வரலாற்றாசிரியர்கள்.

அப்போ அந்தப் பெட்டிகள் எல்லாம் எங்கே போச்சு?

மின்சாரக் கம்பெனி சதி பண்ணி ஒழிச்சிடுச்சுன்னு ஒரே வரியில் சொல்லிட்டா எபிசோட் நல்லா விறுவிறுப்பா இருக்கும். ஆனா உண்மை அவ்வளவு சுலபம் இல்லை. முதல் அடி போர். அமெரிக்கா இரண்டாம் உலகப் போருக்குள் நுழைந்ததும், ராணுவம் அல்லாத வேலைகளுக்குச் செம்பு கிடைக்காமல் போனது. செம்பு இல்லாமல் ஹீட்டர் இல்லை. போர் முடிந்தபோது செம்பு விலையும் கூலியும் ஏறியிருந்தன. பழைய தொட்டிகள் துருப்பிடித்து ஒழுக ஆரம்பித்திருந்தன. அந்த நேரம் பார்த்துத்தான் ஃப்ளோரிடா பவர் அண்ட் லைட் நிறுவனம் களத்தில் இறங்கியது. மின் கட்டணம் குறைந்துகொண்டே வந்தது, மின்சார ஹீட்டர்களைச் சல்லிசான விலைக்கு விற்றார்கள். ஒழுகும் தொட்டியை மாற்ற நினைத்த குடும்பம் எதை வாங்கும்? நானா இருந்தாலும் மின்சார ஹீட்டரைத்தான் வாங்கியிருப்பேன்.

இந்த நிறுவனத்தின் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும். அதற்கு முன்னாடி, வெந்நீரை விட்டுட்டுக் கடல் பக்கம் போவோம்.

இன்று சினிமாக்களில் பார்க்கிற மயாமி பீச் என்பது கடலுக்கும் பிஸ்கேன் விரிகுடாவுக்கும் நடுவில் இருக்கும் ஒரு மணல் திட்டு. நூறு வருஷத்துக்கும் முன்னால் அதன் பெரும்பகுதி அலையாத்திக் காடு. ஜான் காலின்ஸ் என்ற பண்ணைக்காரர் அங்கே வெண்ணெய்ப்பழம் பயிரிட்டுப் பார்த்தார். 1913-ல் நிலப்பகுதியிலிருந்து ஒரு மரப்பாலம் கட்டினார். அதற்குப் பணம் கொடுத்தவர் கார்ல் ஃபிஷர், கார் ஹெட்லைட் வியாபாரத்தில் கோடீஸ்வரரானவர், இண்டியானாபோலிஸ் ரேஸ் டிராக்கை உருவாக்கியவர்களில் ஒருவர். பதிலுக்கு அவருக்கு நிலம் கிடைத்தது. கறுப்பினத் தொழிலாளர்கள் கொசுக்கடிக்கு நடுவில் காட்டை வெட்டினார்கள். விரிகுடாவின் அடி மணலை இயந்திரத்தால் உறிஞ்சி, வெட்டிய இடத்தின் மேல் கொட்டி, காயவைத்து, மனை போட்டு விற்றார்கள். விளம்பரத்துக்கு ரோஸி என்று ஒரு குட்டி யானை வேற.

இன்னொரு பக்கம் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலம். அதை வடித்துக் காட்டுகிறேன் என்று தேர்தலில் நின்று ஜெயித்து, 1905-ல் ஆளுநரானவர் நெப்போலியன் போனபார்ட் ப்ரோவர்ட். (பெயர் நிஜம்தாங்க.) கால்வாய்கள் வெட்டப்பட்டன, நன்னீர் கடலுக்குப் போனது, நிலம் மனையானது. பள்ளிக்கரணையைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு இந்தக் கதையில் புதுசா எதுவும் இருக்காது.

ஆனால் மயாமிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஊருக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை, அதுவும் துளைத்துளையாக, பஞ்சு மாதிரி. நெதர்லாந்து போலக் கடல் ஓரம் சுவர் கட்டி, உள்ளே நிம்மதியாக உட்கார முடியாது. தண்ணீர் சுவருக்கு அடியில் புகுந்து தரை வழியாக மேலே வரும். அதே பாறைக்குள்தான் ஊரின் குடிநீரும் இருக்கிறது. நன்னீரின் அழுத்தம் குறையக் குறைய, கடல்நீர் உள்ளே நகர்கிறது. ஹாலண்டேல் பீச் என்ற சின்ன நகரம், தன்னுடைய எட்டுக் கிணறுகளில் ஆறைக் கைவிட வேண்டியதாயிற்று.

கீ வெஸ்ட் தீவில் 1913-லிருந்து கடல் மட்டத்தை அளக்கிறார்கள். அன்றிலிருந்து இன்று வரை 9 அங்குலத்துக்கும் மேல் உயர்ந்திருக்கிறது. ஒரு சாண்தானேன்னு தோணும். கடலுக்கு மூன்று, நாலு அடி மேலே தெருக்கள் இருக்கும் ஊரில் ஒரு சாண் என்பது பெரிய விஷயம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி வரும் பெரிய ஓதத்தில், வானம் பளிச்சென்று இருக்கும்போதே, மழைநீர் வடிகால் வழியாகக் கடல் பின்னோக்கி ஏறித் தெருவுக்கு வரும். 2016 நவம்பரில் ஒரு அடுக்குமாடிக் கார் பார்க்கிங்கில் ஆக்டோபஸ் கிடந்த போட்டோ உலகம் முழுக்கச் சுற்றியது.

2013-ல் மயாமி பீச் மேயர் தேர்தலில் ஃபிலிப் லெவின் என்ற வேட்பாளர், வெள்ளத் தெருவில் கயாக் ஓட்டி வீட்டுக்குப் போவது போல விளம்பரம் எடுத்து ஜெயித்தார். ஜெயித்த கையோடு பம்ப்புகள் வைத்தார், தாழ்வான சாலைகளை உயர்த்த ஆரம்பித்தார். திட்டச் செலவு சுமார் 50 கோடி டாலர். சாலை உயர்ந்ததும் பக்கத்துக் கடைகள் பள்ளத்தில் போய்விட்டன. இதை நான் சென்னைக்காரங்களுக்கு விளக்கவே வேண்டாம்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு இதில் ரொம்பச் சுவாரஸ்யமான கேள்வி. ஃப்ளோரிடாவில் தனிநபருக்கு மாநில வருமான வரி கிடையாது. நகரங்கள் பெரிதும் சொத்து வரியை நம்பித்தான் ஓடுகின்றன. கடலிலிருந்து ஊரைக் காப்பாற்றப் பணம் வேண்டும், பணத்துக்குச் சொத்து வரி வேண்டும், சொத்து வரிக்குக் கடலோரம் இன்னும் விலையுயர்ந்த கட்டிடம் வேண்டும். கார்ல் ஃபிஷர் போட்டுவிட்டுப் போன முடிச்சு இது.

சரி, மாநில அரசியல் என்ன பண்ணிக்கிட்டு இருந்தது?

2007-ல் சார்லி கிறிஸ்ட், அப்போது குடியரசுக் கட்சி ஆளுநர், மயாமியில் காலநிலை மாநாடு நடத்தினார். கலிஃபோர்னியாவிலிருந்து ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெக்கர் வந்தார். 2008-ல் அதையொட்டிச் சட்டங்களும் வந்தன. அதற்கப்புறம் பொருளாதாரம் சரிந்தது, கட்சியின் மனநிலையும் மாறியது. 2011-ல் ஆளுநரான ரிக் ஸ்காட், காலநிலை பற்றிக் கேட்டால் 'நான் விஞ்ஞானி இல்லை' என்று நழுவினார். 2015 மார்ச்சில் ஃப்ளோரிடாவின் ஒரு புலனாய்வுச் செய்தி அமைப்பு ஒரு விஷயத்தை வெளியிட்டது. மாநிலச் சுற்றுச்சூழல் துறையில் 'காலநிலை மாற்றம்', 'புவி வெப்பமயமாதல்' என்ற சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டதாக முன்னாள் ஊழியர்கள் கூறினார்கள். ஆளுநர் மறுத்தார். அதே மாதம் செனட் குழு முன்னால் வந்த பேரிடர் மேலாண்மைத் துறைத் தலைவர் அந்தச் சொல்லை உச்சரிக்காமல் சுற்றிச் சுற்றிப் பேச, அவையே சிரித்தது. வீடியோ இன்னும் இணையத்தில் இருக்கு, பாருங்க.

தெற்கு ஃப்ளோரிடாவின் நாலு மாவட்ட நிர்வாகங்கள் மாநிலத்துக்காகக் காத்திருக்கவில்லை. 2010-லேயே அவை தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, கடல் எவ்வளவு உயரும் என்ற ஒரே கணக்கை வைத்துத் திட்டமிட ஆரம்பித்துவிட்டன. தெருவில் தண்ணீர் நிற்கும்போது கட்சி பார்ப்பது கஷ்டம்.

இப்போ நம்ம மின்சாரக் கம்பெனி திரும்ப வருது.

ஃப்ளோரிடாவுக்கு 'சன்ஷைன் ஸ்டேட்' என்று செல்லப்பெயர். ஆனால் 2010-களின் நடுவில் வீட்டுக்கூரை சோலாரில் அது பின்தங்கிக் கிடந்தது. ஒரு காரணம், 1988-ல் வந்த ஒரு நீதிமன்றத் தீர்ப்பு: ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு மின்சாரம் விற்றாலும் நீங்கள் ஒரு பொது மின் நிறுவனம், அத்தனை ஒழுங்குமுறைக்கும் கட்டுப்பட வேண்டும். அதனால் ஒரு கம்பெனி உங்கள் கூரையில் இலவசமாக பேனல் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று விற்பது அங்கே முடியாது. இதை மாற்ற 2015-ல் ஒரு கூட்டணி கையெழுத்து இயக்கம் நடத்தியது. சூழலியலாளர்களோடு டீ பார்ட்டி வலதுசாரிகளும் கைகோத்தார்கள். 'என் கூரை, என் மின்சாரம், அரசாங்கம் யார் கேக்க?' என்பது அவர்களுடைய வாதம்.

மின் நிறுவனங்கள் போட்டியாக இன்னொரு இயக்கத்துக்குப் பணம் கொட்டின. 2016 நவம்பர் வாக்குச்சீட்டில் வந்தது இந்த இரண்டாவதுதான், திருத்தம் எண் 1. படித்தால் சோலாருக்கு ஆதரவு போலவே இருக்கும்: சோலார் வைத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு என்றது. அந்த உரிமை ஏற்கெனவே இருந்தது! கூடவே, சோலார் வைக்காதவர்கள் வைத்தவர்களுக்கு மானியம் தரக் கட்டாயமில்லை என்ற வாசகம். பின்னாளில் நெட் மீட்டரிங்கைக் குறைக்க இதைப் பிடித்துக்கொள்ளலாம் என்பதுதான் எதிர்த்தவர்களின் பயம். கூரையில் மிஞ்சிய மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பிக் கொடுத்துக் கணக்கில் கழித்துக்கொள்வதுதான் நெட் மீட்டரிங். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 4-3 என்ற கணக்கில் அனுமதித்தார்கள். மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி பார்பரா பாரியென்டே இதை ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் என்றார். தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்னால், இந்தத் தரப்புக்கு நெருக்கமான ஒரு சிந்தனைக் குழுவின் நிர்வாகி, சோலார் மீதான மக்களின் பிரியத்தையே பயன்படுத்தும் தந்திரம் இது என்று ஒரு கூட்டத்தில் பெருமையடித்த ஆடியோ கசிந்தது. திருத்தத்துக்குச் செலவான பணம் சுமார் 2.6 கோடி டாலர். ஜெயிக்க 60 சதவீதம் வேண்டும். கிடைத்தது சுமார் 51. தோற்றாலும் பாதிப் பேர் 'ஆம்' என்று குத்தியிருந்தார்கள், அதையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

2022-ல் நெட் மீட்டரிங்கைப் படிப்படியாக வெட்டும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதை ரத்து செய்தவர் ஆளுநர் ரான் டிசான்டிஸ். விலைவாசி ஏறுகிற நேரத்தில் மக்கள் மேல் இன்னொரு சுமை வேண்டாம் என்றார். இரண்டு வருஷம் கழித்து, 2024 மே மாதம், அதே டிசான்டிஸ் மாநிலச் சட்டங்களிலிருந்து காலநிலை மாற்றம் பற்றிய பெரும்பாலான குறிப்புகளை நீக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 2008-ல் எழுதியவை பல அதில் அடிபட்டன. கடலில் காற்றாலைக்கும் தடை. ஆனால் வெள்ளத் தடுப்புக்கு மாநிலம் பணம் தருகிறது, 'மீள்திறன்' என்ற பெயரில். ஃப்ளோரிடா பவர் அண்ட் லைட் நிறுவனமோ, 2030-க்குள் 3 கோடி பேனல் என்று 2019-ல் அறிவித்துவிட்டு வயல் வயலாகப் பதித்தது. இன்று சோலாரில் நாட்டின் முன்னணி மாநிலங்களில் ஃப்ளோரிடாவும் ஒன்று. இருந்தும் மாநில மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு எரிவாயுதான். கம்பெனிக்குச் சூரியன் மேல் என்றைக்குமே கோபம் இருந்ததில்லை, மீட்டர் யார் கையில் என்பதில்தான் எல்லாமே.

கடைசியா, முடிக்கிறதுக்கு முன்னாடி, ஒரு மேட்டைப் பத்திச் சொல்லணும்.

மயாமிக்கு 1896-ல் ரயில் வந்தது, கடற்கரைக்குச் சற்று உள்ளே இருக்கும் ஒரு மேட்டை ஒட்டி. அதே ஜூலையில் ஊரை நகரமாகப் பதிவு செய்ய வாக்காளர்கள் போதவில்லை. வாக்களித்த 368 பேரில் 162 பேர் கறுப்பினத் தொழிலாளர்கள். அவர்கள் இல்லாமல் அந்த நகரமே பதிவாகியிருக்காது. பதிவானதும் அவர்களைத் தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் ஒதுக்கினார்கள். அவர்கள் கட்டிய கடற்கரையில் அவர்கள் கால் வைக்க முடியாது. 1945-ல், போராட்டத்துக்குப் பிறகு, வர்ஜீனியா கீ தீவில் தனிக் கடற்கரை ஒன்று ஒதுக்கப்பட்டது. 1960-களில் அவர்களுடைய ஓவர்டவுன் குடியிருப்பின் நடுவில் நெடுஞ்சாலை போனது, ஆயிரக்கணக்கானோர் இன்னும் உள்ளே தள்ளப்பட்டார்கள். 1970-களின் கடைசியிலிருந்து ஹெய்ட்டியிலிருந்து படகில் வந்தவர்கள், வாடகை குறைவாக இருந்த அந்த உட்பகுதியில் குடியேறினார்கள். இன்று அதன் பெயர் லிட்டில் ஹெய்ட்டி.

கடற்கரை மறுக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்த அந்த உட்பகுதி, மயாமி பீச்சைவிட உயரம். 2018-ல் வந்த ஓர் ஆய்வு, மயாமி-டேட் மாவட்டத்தில் மேட்டுப்பகுதி வீடுகளின் விலை தாழ்வான இடங்களைவிட வேகமாக ஏறுவதைக் காட்டியது. 'கிளைமேட் ஜென்ட்ரிஃபிகேஷன்' என்ற சொல் அப்போதுதான் பரவலானது. அதே நவம்பரில் மயாமி நகர மன்றம் இதை ஆராயச் சொல்லித் தீர்மானம் போட்டது. ஏழு மாதம் கழித்து, 2019 ஜூனில், லிட்டில் ஹெய்ட்டிக்குள் 100 கோடி டாலர் மதிப்பிலான அடுக்குமாடித் திட்டத்துக்கு அதே மன்றம் ஒப்புதல் கொடுத்தது.