இரண்டை மூன்று தரம் பெருக்கினால் ஒன்று

எனக்குப் பதினேழு வயது இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை இரவு, என் மடிக்கணினி 2^3 என்றால் 1 என்று சொன்னது.

எட்டு இல்லை. ஒன்று.

அப்பா வேலை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இரண்டை மூன்று தரம் பெருக்கினால் எட்டு, பிள்ளை. இதுக்கு ஒரு மெஷினோ?"

அந்த மெஷினை நிறுவ எனக்கு அன்று பின்னேரம் முழுவதும் போயிருந்தது. அதனால் எனக்குச் சரியான கோபம். ஆனால் அந்த 1 ஏன் வந்தது என்று தேடப் போய்த்தான் இந்த வரலாறு எனக்குக் கிடைத்தது. கணக்கில் விருப்பமுள்ள உங்களுக்கும் ஒருநாள் இதே 1 வரலாம். அதனால் எழுதுகிறேன்.

முதலில் நான் ஏன் அதை நிறுவினேன் என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் காசு கட்டி வாங்கிய ஒரு கணித மென்பொருள் தந்திருந்தார்கள். நல்ல மென்பொருள்தான். ஆண்டு முடிந்ததும் உரிமமும் முடிந்தது. நான் ஒரு வருடமாகச் செய்த கணக்குகள் எல்லாம் என் கணினியிலேயே இருந்தன, ஆனால் திறக்க முடியவில்லை. என் கொப்பியை யாரோ அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத் திறப்பைக் கொண்டுபோன மாதிரி இருந்தது. புதிதாக வாங்கித் தரும்படி அப்பாவிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அப்போதுதான் கணக்கு ஆசிரியை சேஜ்மேத் என்ற பெயரைச் சொன்னார். இலவசம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்றும் பார்க்கலாம் என்றார்.

பூட்டிய கொப்பியைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் எனக்கு முன்பே நிறையப் பேர். அதில் ஒருவர் நான் வளர்ந்த ஜேர்மனியிலேயே இருந்தார். ஆஹன் நகரப் பல்கலைக்கழகத்தில் 1986இல் யோவாகிம் நொய்பியூசரும் அவருடைய குழுவும் குலங்கள் பற்றிய கணக்குகளுக்காக காப் என்ற மென்பொருளைத் தொடங்கினார்கள். 1993இல் அவர் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். ஒரு தேற்றத்தை நூலகத்தில் போய்ப் படிக்கலாம், அதன் நிறுவலையும் பார்க்கலாம், பிறகு வாழ்நாள் முழுக்கக் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். மென்பொருளுக்கு மட்டும் ஏன் திரும்பத் திரும்பக் கட்டணம், ஏன் உள்ளே பார்க்கத் தடை? கணிதத்தில் விடை மட்டும் போதாது, வழியும் வேண்டும் என்பது அவருடைய வாதம்.

அமெரிக்காவில் இன்னொரு கதை நடந்தது. எம்ஐடியில் 1968இல் மாக்சிமா என்ற குறியீட்டுக் கணித நிரலின் முன்னோடியான மாக்சைமா தொடங்கியது. (பெயர்கள் குழப்பும். எனக்கும் குழப்பியது.) அதன் ஒரு பிரதியை டெக்சஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஷெல்டர் 1982 முதல் தனியாகப் பராமரித்து வந்தார். 1998இல் அமெரிக்க எரிசக்தித் துறையிடம் அனுமதி வாங்கி, அதை எல்லோரும் பயன்படுத்தும் திறந்த மென்பொருளாக வெளியிட்டார். 2001இல் அவர் இறந்துபோனார். அந்த அனுமதியை அவர் வாங்கியிருக்காவிட்டால் அந்தப் பிரதியின் கதி என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மற்றவர்கள் தொடர்ந்து வேலை செய்தார்கள். அதுதான் இன்றைய மாக்சிமா.

பிரான்சின் பொர்தோவில் எண்கோட்பாட்டுக்காகப் பாரி. ஜேர்மனியின் கைசர்ஸ்லவுட்டர்னில் பல்லுறுப்புக் கோவைகளுக்காக சிங்குலர். எல்லாம் நல்லவை, ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனி மொழி பேசின.

2005இல் வில்லியம் ஸ்டைன் என்ற எண்கோட்பாட்டாளர் சேஜைத் தொடங்கினார். இருக்கும் திறந்த மென்பொருள்களை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுதாமல், பைத்தான் மொழியால் அவற்றை ஒன்றாகக் கட்டினார். நீங்கள் சேஜிடம் ஒரு தொகையீடு கேட்டால் பின்னால் மாக்சிமா வேலை செய்யும். குலம் ஒன்றைக் கேட்டால் காப் வேலை செய்யும். எங்கள் ஆட்களின் கலியாண வீடு மாதிரி: சோறு ஒருவர், கறி ஒருவர், பந்தல் ஒருவர். வந்தவருக்கு ஒரே விருந்து.

நிறுவுவது ஏன் கஷ்டம் என்பதற்கும் காரணம் இதுதான். நீங்கள் ஒரு மென்பொருளை நிறுவவில்லை. நாற்பது, ஐம்பது வருடங்களாகப் பல நாடுகளில், பல மொழிகளில் எழுதப்பட்டவற்றை ஒரே இரவில் ஒரே வீட்டுக்குக் கூப்பிடுகிறீர்கள்.

நான் விட்ட முதல் பிழை, மூலநிரலை இறக்கி நானே கட்டத் தொடங்கியது. அதற்கு மணிக்கணக்கு ஆகும். இரண்டாவது பிழை, அதை வைத்த கோப்புறைக்கு நடுவில் இடைவெளி விட்டுப் பெயர் வைத்தது. பாதையில் இடைவெளி இருந்தால் கட்டுமானம் நின்றுவிடும். உங்களுக்கு என் ஆலோசனை: கொண்டா வழியாக, கொண்டா-ஃபோர்ஜ் களஞ்சியத்திலிருந்து, சேஜுக்கென்று ஒரு தனிச் சூழலை உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள். விண்டோஸ் என்றால் முதலில் அதற்குள் லினக்ஸ் ஓடும் வசதியை இயக்குங்கள், பிறகு அந்த லினக்ஸுக்குள் நிறுவுங்கள்.

சரி, அந்த 1 எங்கிருந்து வந்தது?

அதற்குக் கொப்பியின் கதை வேண்டும். கணக்கும் எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் வரும் கணினிக் கொப்பியை 1988இல் மாத்தமாட்டிக்கா பிரபலமாக்கியது. 2001இல் கொலம்பியாவில் பிறந்த பெர்னாண்டோ பெரெஸ், ஆய்வு மாணவராக இருக்கும்போது ஐபைத்தான் எழுதினார். 2011 கடைசியில் அதற்கு உலாவியில் திறக்கும் கொப்பி வந்தது. 2014இல் அது ஜூபிட்டர் ஆனது. ஜூலியா, பைத்தான், ஆர் என்ற மூன்று மொழிகளின் பெயரும் அதற்குள் இருக்கின்றன. 1610இல் கலிலியோ வியாழனின் நிலாக்களைக் கண்டு எழுதிவைத்த குறிப்புகளுக்கும் அந்தப் பெயர் ஒரு மரியாதை.

ஜூபிட்டர் கொப்பியில் இரண்டு பகுதிகள் உண்டு. நீங்கள் பார்க்கும் பக்கம் ஒன்று. பின்னால் கணக்கைச் செய்யும் கர்னல் மற்றது. ஒரே பக்கத்துக்குப் பின்னால் சேஜ் இருக்கலாம், வெறும் பைத்தானும் இருக்கலாம். பக்கம் பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும்.

என் பக்கத்துக்குப் பின்னால் அன்று வெறும் பைத்தான் இருந்தது. பைத்தானில் ^ என்பது அடுக்கு இல்லை. அது இரண்டு எண்களையும் இரும எண்களாக எழுதி ஒப்பிடும். 2 என்பது 10, 3 என்பது 11. வேறுபடும் இடத்தில் 1, ஒத்த இடத்தில் 0. விடை 01, அதாவது 1. சி மொழியில் இருந்து வந்த வழக்கம் அது. சேஜ் கணக்குக்காரருக்காக எழுதப்பட்டது. அது நீங்கள் எழுதியதை முதலில் படித்து, ^ குறியை அடுக்காக மாற்றிவிட்டுத்தான் பைத்தானிடம் கொடுக்கும். கணினி பொய் சொல்லவில்லை. நான் வேறு ஆளிடம் கேட்டிருந்தேன்.

கொப்பியின் வலது மூலையில் கர்னலின் பெயர் இருக்கும். அதை அழுத்தி சேஜ்மேத்துக்கு மாற்றுங்கள். அந்தப் பெயரே பட்டியலில் இல்லையென்றால், நீங்கள் திறந்த ஜூபிட்டர் வேறு சூழலில் இருக்கிறது. சேஜ் சூழலை இயக்கிவிட்டு அங்கிருந்தே ஜூபிட்டரைத் திறவுங்கள். நிறுவிய பொதி ஒன்றைக் கொப்பி "இல்லை" என்று சொன்னாலும் பெரும்பாலும் காரணம் இதுதான்: இரண்டு பைத்தான்கள், நீங்கள் மற்றதற்குள் நிறுவியிருக்கிறீர்கள். நேற்றுச் சரியாக வந்த விடை இன்று பிழையாக வந்தால், கர்னலை மறுபடி தொடங்கி எல்லாக் கட்டங்களையும் மேலிருந்து கீழே ஓட்டுங்கள். அழித்த வரியின் மதிப்பைக்கூடக் கர்னல் ஞாபகம் வைத்திருக்கும்.

அன்று இரவு கர்னலை மாற்றியபின் நான் கேட்ட முதல் பெரிய கேள்வி ராமானுஜனுடையது. 1916இல் அவர் டௌ என்ற எண்வரிசையை ஆராய்ந்தார். சேஜ் ஒரே வரியில் தந்தது: 1, −24, 252, −1472, 4830, −6048. இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்குங்கள். −24 × 252 = −6048. ஆறாவது எண்! இப்படி வரும் என்று ராமானுஜன் கண்டு சொன்னார், 1917இல் மோர்டல் நிறுவினார்.

ராமானுஜன் தாள் வாங்க வசதியில்லாமல் சிலேட்டில் கணக்குச் செய்து, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் கொப்பியில் எழுதியவர். அந்த விடைகளுக்கு வழி கண்டுபிடிக்க மற்றவர்களுக்குப் பல பத்தாண்டுகள் சென்றன. அவருக்கு வழியில்லாமல் நடந்தது அது. காசு கட்டி வாங்கும் பூட்டிய மென்பொருள் விரும்பியே அப்படிச் செய்கிறது. விடையைத் தருகிறது, சிலேட்டை ஒளித்துவைக்கிறது. சேஜில் ஒரு கட்டளைக்குப் பின்னால் இரண்டு கேள்விக்குறி போட்டால் சிலேட்டே திரையில் வரும். எல்லாம் விளங்கும் என்று சொல்லமாட்டேன். எனக்கு இன்னும் பாதி விளங்குவதில்லை. ஆனால் பூட்டு இல்லை.

அன்று அப்பா படுக்கப் போகும்போது கதவருகே நின்று கேட்டார்: "எட்டு வந்ததோ?"

வந்தது என்றேன்.

நீங்களும் நிறுவுங்கள். முதல் வரியாக 2^3 எழுதுங்கள். எட்டு வந்தால் மட்டும் மேலே போங்கள்.