குட்டை ராட்செட்டும் அதன் நெடிய வரலாறும்

தில்லியில் மே மாதத்து இரவொன்றைக் கழித்தவர்களுக்கு அதைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. பகலெல்லாம் வீசிய ‘லூ’ என்னும் அனற்காற்று ஓய்ந்த பின்னரும் சுவர்கள் வெப்பத்தை உமிழ்ந்துகொண்டே இருக்கும். சன்னலுக்கு வெளியே நிற்கும் கூலரே அவ்வேளையில் நமக்குத் துணை. அத்தகைய ஓர் இரவிலேதான் நம் வீட்டுக் கூலரின் மோட்டார் கடகடவென்று நடுங்கத் தொடங்கிற்று. மோட்டாரைத் தாங்கும் சட்டத்தில் ஒரு நட்டு தளர்ந்திருந்தது. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஊரைவிட்டுப் புறப்பட்டபோது தந்தையார் கொடுத்தனுப்பிய பழைய ஸ்பானரை எடுத்தோம். அதன்மேல் 1/4 என்னும் எண்ணும், பக்கத்தில் ‘டபிள்யூ’ என்னும் ஆங்கில எழுத்தும் பொறிக்கப்பட்டிருந்தன. நட்டின்மேல் அது உட்கார்ந்தது; ஆனால் இறுகப் பற்றவில்லை. இரண்டாம் முறை அழுத்தியபோது வழுக்கிற்று. மூன்றாம் முறை நட்டின் மூலைகள் மழுங்கின. நம் விரல் முட்டியும் தகட்டில் உராய்ந்து தோல் வழன்றது. குழந்தைகள் அன்றிரவு மொட்டை மாடியில் உறங்கினர்.

மறுநாள் காலை இரண்டையும் அளந்து பார்த்தோம். நட்டின் அகலம் 13 மில்லிமீட்டர். ஸ்பானரின் வாயோ 13.3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மூன்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளிதான் அத்தனை தொல்லைக்கும் காரணம். இன்னொரு புதிரும் எழுந்தது. கால் அங்குலம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் கருவியின் வாய் அரை அங்குலத்தைவிட அகன்றிருப்பானேன்? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தால் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் பஞ்சாபின் கிணற்று மேட்டுக்கும் சென்று, மீண்டும் தில்லிக்கே வந்து சேரவேண்டியிருக்கிறது. வீட்டுக்கு ஒரு சிறு கருவி வாங்க விரும்பும் அன்பர்களுக்கு அந்தப் பயணம் வீண்போகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போல்ட்டும் நட்டும் பட்டறைக்குப் பட்டறை வேறுபட்டன. ஓரிடத்தில் செய்த நட்டு வேறோரிடத்துப் போல்ட்டில் ஏறாது. 1841-ஆம் ஆண்டில் ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலப் பொறியாளர், எல்லோரும் ஒரே அளவான மரையை வெட்டவேண்டும் என்றும், மரையின் கோணம் 55 பாகையாக இருக்கவேண்டும் என்றும் திட்டம் வகுத்தார். இங்கிலாந்தின் இரயில் பாதைகள் அதனை ஏற்றன. அவர் முறையில் ஸ்பானரின்மேல் பொறிக்கும் எண், நட்டின் அகலத்தைக் குறிப்பதன்று; போல்ட்டுத் தண்டின் பருமனையே குறிக்கும். கால் அங்குலத் தண்டுக்கு ஏற்ற நட்டின் அகலம் அக்காலத்தில் 0.525 அங்குலம். அதுவே நாம் அளந்த 13.3 மில்லிமீட்டர். புதிர் அவிழ்ந்தது. ‘டபிள்யூ’ என்பது விட்வொர்த்தின் பெயரின் முதலெழுத்து.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்நாட்டுக்கு வந்த எந்திரங்களோடு விட்வொர்த்தின் மரையும் வந்து சேர்ந்தது. பெரம்பூரிலும் பொன்மலையிலும் உள்ள இரயில்வே பட்டறைகளில் பழகிய தலைமுறைகளுக்கு அந்த எண்கள் மனப்பாடம். எனவே தந்தையார் தந்த ஸ்பானரின்மேல் குற்றமில்லை. அது தன் காலத்துக்கு உண்மையாகவே இருந்தது. காலந்தான் அளவை மாற்றிக்கொண்டது.

அந்த மாற்றமும் எளிதில் நிகழ்ந்துவிடவில்லை. 1864-இல் பிலடெல்பியா நகரத்து வில்லியம் செல்லர்ஸ் 60 பாகைக் கோணமுள்ள மரையை முன்மொழிந்தார். அமெரிக்கா அவ்வழியே சென்றது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் ஒன்றுக்கொன்று எந்திரங்களை அனுப்பிக்கொண்டபோது, ஒருவர் நட்டு மற்றவர் போல்ட்டில் ஏறாத அவலம் வெளிப்பட்டது. போர் முடிந்த பின்னர், 1948 நவம்பரில், அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் வாஷிங்டனில் கூடிப் பொதுவான ஒரு மரைக்கு உடன்பட்டன. ஆயினும் அதுவும் அங்குல அளவே.

நம் நாடு வேறு வழியைத் தேர்ந்தது. விடுதலைக்குச் சில மாதங்களுக்கு முன்னர், 1947 ஜனவரியில், இந்தியத் தர நிறுவனம் தில்லியில் தோன்றிற்று. 1956 டிசம்பரில் எடை, அளவைச் சட்டம் நிறைவேறியது. 1957 ஏப்ரல் முதல் நாளன்று அணாவின் இடத்தில் நயா பைசா வந்தது. 1958 அக்டோபர் முதல் நாளிலிருந்து மெட்ரிக் எடைகளும் அளவைகளும் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. இந்தியத் தர நிறுவனத்தின் இயக்குநராக இருந்த லால் சந்த் வர்மன் இம்மாற்றத்தில் முன்னின்று உழைத்தவர்களுள் ஒருவர். அந்த நிறுவனம் 1987 முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் என்னும் பெயரோடு தில்லி பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் உள்ள மானக் பவனில் இயங்கி வருகிறது. படியும் வீசையும் மறைந்ததை நம் பெரியோர்கள் நன்கு நினைவு வைத்திருந்தனர். நட்டும் போல்ட்டும் மாறியதைப் பலர் கவனிக்கவேயில்லை. ஸ்பானர் வழுக்கும்போதுதான் அது நினைவுக்கு வருகிறது.

இனி ராட்செட்டின் கதைக்கு வருவோம். நெருக்கமான இடத்தில் சாதாரண ஸ்பானரைக் கொண்டு ஒரு நட்டைச் சிறிது திருகியதும், கருவியைக் கழற்றி மீண்டும் மாட்டவேண்டும். ராட்செட்டில் அத்தொல்லை இல்லை. முன்னே தள்ளினால் நட்டு திரும்பும். பின்னே இழுத்தால் கைப்பிடி மட்டும் ‘டிக் டிக்’ என்று திரும்பிவரும். உள்ளே ஒரு பற்சக்கரமும், அதன் பற்களில் விழுந்து பின்னோட்டத்தைத் தடுக்கும் ஒரு நாக்கும் இருப்பதே இதன் இரகசியம்.

இந்தத் தடைநாக்கு வடநாட்டு உழவருக்குப் புதிதன்று. 1526-இல் பானிபட்டில் வென்ற பாபர் தம் நினைவுக் குறிப்புகளில் இருவகை இறைவைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆக்ராப் பக்கத்தில் கண்டது, மாடு கட்டித் தோற்பையால் இறைக்கும் முறை. அது நம் கவலை ஏற்றத்துக்கு உறவு. லாகூர், சிர்ஹிந்த் பக்கங்களில் கண்டதோ, குடங்களை வரிசையாகக் கோத்துச் சக்கரத்தால் இறைக்கும் முறை. அதனை ‘ரகட்’ என்றும் பாரசீகச் சக்கரம் என்றும் வழங்குவர். மாடு நின்றுவிட்டால் நீர் நிறைந்த குடங்களின் பாரம் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றிவிடும். அதனைத் தடுக்கப் பஞ்சாப் உழவர் பற்சக்கரத்தின்மேல் ஒரு கட்டையைப் பொருத்தினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘குத்தா’, அதாவது நாய். வாயிலில் படுத்து அயலாரைத் தடுக்கும் நாயைப்போல அது பின்னோட்டத்தைத் தடுத்தது. அதன் ‘டக் டக்’ ஒலி நிற்காதவரையில் மாடு நடக்கிறது என்று தொலைவில் இருப்பவரும் அறிந்துகொண்டனர். கிணற்று மேட்டின் அந்தத் தத்துவமே உள்ளங்கையில் அடங்கும் கருவிக்குள்ளும் ஒலிக்கிறது.

அதனைக் கைக்கருவியாக்கிய பெருமையில் பெரும்பங்கு அமெரிக்கர்களுடையது. 1863 ஜூனில் வெர்மான்ட் மாநிலத்து ஜே. ஜே. ரிச்சர்ட்ஸன், மாற்றி மாற்றிப் பொருத்தத்தக்க சாக்கெட்டுகளோடு கூடிய ராட்செட்டுக்குக் காப்புரிமை பெற்றார். மோட்டார் வாகனங்கள் பெருகியபோது நெருக்கமான எந்திரப் பகுதிகளில் கை நுழைய இடமில்லாமற்போயிற்று. 1920-இல் மில்வாக்கி நகரத்து ஜோசப் ஜான்ஸன், ஐந்து கைப்பிடிகளையும் பத்துச் சாக்கெட்டுகளையும் தனித்தனியே செய்து, வேண்டியபோது இணைக்கும் முறையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பதினைந்து துண்டுகளைக் கொண்டு ஐம்பது கருவிகளின் வேலையைச் செய்யலாம் என்பது அதன் கணக்கு. பின்னர் பீட்டர் ராபர்ட்ஸ் என்னும் பதினெட்டு வயது இளைஞர், ஒரு பொத்தானை அழுத்தினால் சாக்கெட் கழலும் அமைப்பை உருவாக்கி, 1965-இல் காப்புரிமை பெற்றார். எண்ணெய் படிந்த ஒற்றைக் கையாலேயே சாக்கெட்டை மாற்ற அது வழிசெய்தது.

இந்த வரலாற்றை அறிந்தவர்க்குக் கடையில் கருவி தேர்ந்தெடுப்பது கடினமன்று. முதலில் சாக்கெட்டைப் பார்க்கவேண்டும். இன்றைய வீட்டுப் பொருள்களுக்கு மில்லிமீட்டர் அளவே வேண்டும்: 8, 10, 12, 13, 14, 17 ஆகிய ஆறும் இருந்தால் பெரும்பாலான வேலைகள் முடியும். அங்குலத்தையும் மில்லிமீட்டரையும் கலந்துவிடலாகாது. 19 மில்லிமீட்டரும் முக்கால் அங்குலமும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் 13 மில்லிமீட்டரும் அரை அங்குலமும் ஒன்றல்ல. சாக்கெட்டின் உட்புறம் பன்னிரண்டு மூலைகளைவிட ஆறு மூலைகள் உடையதாயின், அது நட்டின் பக்கங்களைப் பற்றும், மூலைகளை மழுக்காது.

அடுத்து, ராட்செட்டின் தலையில் சாக்கெட் பொருந்தும் சதுர முனை. உலகம் மெட்ரிக்குக்கு மாறினும் இச்சதுரம் மட்டும் கால், எட்டில் மூன்று பங்கு, அரை அங்குலம் என்றே கடைகளில் பேசப்படுகிறது. அரை அங்குலம் மோட்டார் வண்டிக்கு உரியது. கால் அங்குலம் மிகச் சிறிய நட்டுகளுக்கு ஏற்றது. ஒன்றே வாங்குவதானால் இடைப்பட்டதாகிய எட்டில் மூன்று பங்கே வீட்டுக்கு உகந்தது.

மூன்றாவது, பற்களின் எண்ணிக்கை. 24 பற்கள் இருந்தால் ஒவ்வொரு பல்லுக்கும் கைப்பிடி 15 பாகை அசையவேண்டும். 72 பற்களாயின் 5 பாகை போதும். கைப்பிடியின் நீளம் 10 சென்டிமீட்டர் என்று கொண்டால், முன்னதற்கு அதன் நுனி 2.6 சென்டிமீட்டர் நகரவேண்டும். பின்னதற்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவே. கூலரின் தகட்டுக்கும் மோட்டாருக்கும் நடுவே கிடைக்கும் இடம் அவ்வளவுதான்.

நான்காவது, கைப்பிடியின் குட்டைத்தன்மை. இது குறையாகத் தோன்றினும் வீட்டுக்கு நன்மையே. 6 மில்லிமீட்டர்த் தண்டுள்ள உயர்தர எஃகுப் போல்ட்டை இறுக்க, 10 சென்டிமீட்டர்க் கைப்பிடியின் நுனியில் ஏறத்தாழ 10 கிலோ எடைக்குச் சமமான விசை போதும். அதே விசையை 25 சென்டிமீட்டர்க் கைப்பிடியில் செலுத்தினால் முறுக்கு இரண்டரை மடங்காகும்; போல்ட்டு அறுந்துபோகலாம். பழக்கமில்லாத கையைக் குட்டைக் கைப்பிடி கட்டுப்படுத்துகிறது.

கடையிலேயே ஒரு சோதனையும் செய்யலாம். சாக்கெட்டை மாட்டி, இரு விரல்களால் மெல்லப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியைப் பின்னே திருப்புங்கள். சாக்கெட் அசையாமல் ‘டிக் டிக்’ ஒலி மட்டும் கேட்டால் நல்லது. சாக்கெட்டும் கூடவே திரும்பினால், தளர்ந்த நட்டு முன்னேறாமல் கருவியோடு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும்.

தில்லியில் சாவ்டி பஜாரின் இரும்புச் சாமான் கடைகளிலும், காஷ்மீரி கேட்டின் வாகன உதிரிப்பாகக் கடைகளிலும் இவை கிடைக்கும். ஜலந்தரிலும் லூதியானாவிலும் வேரூன்றிய கைக்கருவித் தொழிலின் பொருள்களை அங்கே காணலாம். ஸ்பானரை ‘பானா’ என்றும், சாக்கெட்டை ‘கோட்டி’ என்றும் அங்குள்ளோர் வழங்குவர். ‘தேரா நம்பர் கி கோட்டி’ என்று கேட்டால், இந்தி முழுதும் அறியாதவருக்கும் 13 மில்லிமீட்டர்ச் சாக்கெட் கைக்கு வந்துவிடும். நாற்பது துண்டுகள் அடங்கிய பெட்டியைக் கடைக்காரர் நீட்டக்கூடும். வாடகை வீடு மாறும்போதெல்லாம் அதனைச் சுமப்பவர் நாமே என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. தில்லியின் உப்பு நீரில் ஆண்டுக்கணக்காக ஊறித் துருப்பிடித்த நட்டைத் தளர்த்துவது குட்டை ராட்செட்டின் வேலையன்று. எண்ணெய் விட்டுச் சிறிது நேரம் ஊறவைத்து, நீண்ட ரிங் ஸ்பானரால் முதற் பிடிப்பைத் தளர்த்திய பின்னரே இதனை எடுக்கவேண்டும். கைப்பிடியில் குழாயைச் செருகி நீட்டினால் உள்ளிருக்கும் பற்கள் முறியும். மின்சாரப் பொருளாயின் இணைப்பைத் துண்டித்த பின்னரே கை வைக்கவேண்டும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

நாம் ஒரு குட்டை ராட்செட்டும் ஆறு சாக்கெட்டுகளும் வாங்கினோம். மழுங்கிய நட்டைக் கழற்றிப் புதியதைப் பூட்டக் கால் மணி நேரங்கூட ஆகவில்லை. ஜலந்தரில் செய்த சாக்கெட், எங்கோ செய்த நட்டின்மேல், தில்லிச் சன்னலோரத்தில் ஒரு தமிழனின் கையால் சரியாகப் பொருந்திற்று. அறிமுகமில்லாத பலர் ஓர் அளவுக்கு உடன்பட்டதனால் விளைந்த பயன் இது. பிறந்த ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு அந்த உடன்பாட்டின் அருமை நன்கு விளங்கும்.

தந்தையாரின் ஸ்பானரை நாம் எறிந்துவிடவில்லை. ஊரில் கிணற்றடியில் நிற்கும் பழைய ஆங்கிலேய எந்திரத்தில் விட்வொர்த்தின் நட்டுகள் இன்னும் இருக்கின்றன. அடுத்த விடுமுறைக்குச் செல்லும்போது அது நம்மோடு ஊர் திரும்பும்.