பேதி உப்பும் பச்சை இலையும்



மருந்துக் கடையில் விற்கிற பேதி உப்பு உங்களுக்குத் தெரியும். பளிங்கு மாதிரி இருக்கும், நாக்கில் பட்டால் ஒரே கசப்பு. அதில் இருக்கிற சத்துதான் மக்னீசியம். அது நம் கைக்கு வந்த கதையைக் கேளுங்கள்.

இங்கிலாந்திலே எப்சம் என்று ஓர் ஊர். 1618-ஆம் வருஷம் கோடையில், ஹென்றி விக்கர் என்ற விவசாயி அங்கே ஒரு குழித் தண்ணீரை மாடுகளுக்குக் காட்டினாராம். மாடுகள் மோந்து பார்த்துவிட்டு வாய் வைக்கவில்லை. அவ்வளவு கசப்பு! ஆனால் அந்தத் தண்ணீர் பட்டால் புண் ஆறுகிறது, குடித்தால் வயிறு சுத்தமாகிறது என்று பேச்சுப் பரவி, ஜனங்கள் கூடிவிட்டார்கள். 1695-இல் நெகமையா குரூ என்ற மருத்துவர் அந்த உப்பைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 1808-இல் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தைக் கொண்டு மக்னீசிய உலோகத்தைப் பிரித்துக் காட்டினார்.

பிறகு ஜெர்மனி நாட்டு வில்ஸ்டாட்டர் இலையின் பச்சையத்தை ஆராய்ந்தார். அதிலே மக்னீசியம் இருப்பதை நிலைநாட்டினார். 1915-இல் நோபல் பரிசு பெற்றார். நம் இரத்தச் சிவப்புக்கு இரும்பு எப்படியோ, இலைப் பச்சைக்கு மக்னீசியம் அப்படி.

மாட்டுக்கும் இது வேண்டும். ஹாலந்து நாட்டிலே இளம்புல் மேய்ந்த கறவை மாடுகள் திடீரென்று நடுங்கி, இழுப்பு வந்து விழுந்து செத்தன. இரத்தத்தில் மக்னீசியம் குறைந்ததே காரணம் என்று 1930 வாக்கில் கண்டார்கள். புல்லுக்குச் சாம்பல் சத்து உரத்தை அதிகமாகக் கொட்டினால், மக்னீசியம் மாட்டின் உடம்பில் சேருவது குறைந்துபோகும். உரம் நல்லதுதான், அளவு மீறினால் இதுதான் கதி.

உங்கள் பயிரைப் பாருங்கள். அடி இலைகளில் நரம்பு பச்சையாக இருந்து, இடைப்பகுதி மட்டும் வெளுக்கிறதா? மக்னீசியக் குறைவாக இருக்கலாம். மண்ணைப் பரிசோதித்த பிறகே மக்னீசியம் சல்பேட் வாங்குங்கள். பேதி உப்பும் அதுவும் ஒரே சரக்குதான். மாட்டுக்கு இழுப்பு வந்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

நமக்கு இந்தச் சத்து கீரையிலும், பயறுகளிலும், கம்பு கேழ்வரகிலும் கிடைக்கிறது. அரிசியை வெளுக்கத் தீட்டினால் தவிட்டோடு போய்விடும். பேதி உப்பை மட்டும் வைத்தியரைக் கேட்காமல் சாப்பிடாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து.