வரம்பை எழுதும் உரிமை: மின்வழங்கிச் சில்லுகளில் நுண்செயலியின் இடம்

சேவையகக் கணினியின் மையச் செயலிக்கு வேண்டிய மின்னழுத்தம் ஏறத்தாழ 1 வோல்ட். அது இழுக்கும் மின்னோட்டமோ நூறு ஆம்பியரைத் தாண்டும். 12 வோல்ட்டிலிருந்து இத்தகைய தாழ்ந்த மின்னழுத்தங்களை இறக்கித் தரும் கட்டுப்பாட்டுச் சில்லு, பெரும்பாலும் பலகையில் பற்றவைத்த மின்தடைகள் விதித்தபடியே நெடுங்காலம் நடந்துவந்தது. வெளியீடு எவ்வளவு, எந்த அளவைக் கடந்தால் பழுது என்பதெல்லாம் அந்த மின்தடைகளின் மதிப்பிலேயே அடங்கியிருந்தன. 2005இல் வெளிவந்த பி.எம்.பஸ் நெறிமுறை இந்த நிலையை மாற்றியது. பிலிப்ஸ் 1982இல் உருவாக்கிய ஐ2சி என்னும் இருகம்பித் தடத்தின் வழியில் 1995இல் எஸ்.எம்.பஸ் வந்தது, அதன்மேல் எழுந்ததே பி.எம்.பஸ். இதைப் பேசத் தெரிந்த, பலகையைக் கண்காணிக்கும் நுண்செயலி வெளியீட்டை மாற்றலாம், வெப்பநிலையையும் மின்னோட்டத்தையும் வாசிக்கலாம், பழுது வரம்புகளையே திருத்தி எழுதலாம்.

கடைசியாகச் சொன்ன உரிமையைத்தான் இக்கட்டுரை கேள்விக்கு உட்படுத்துகிறது. பழுதைத் தடுக்கும் பொறுப்பும் அதன் உச்ச வரம்பும் சில்லின் வன்பொருளிடமே இருக்க வேண்டும். நடந்ததைச் சிதையாமல் பதிவுசெய்வதே நுண்செயலிக்கு உரிய பணி. இன்றைய நடைமுறை பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கிறது.

முதலில் காலக்கணக்கு. ஒரு சில்லிடமிருந்து இரண்டு பைட் அளவீட்டை வாசிக்க, முகவரி, ஆணை, மீண்டும் முகவரி, தரவு என ஐந்து பைட்டுகள் கம்பியில் பயணிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை பிட்டோடு 9 கடிகாரத் துடிப்புகள், மொத்தம் 45. எஸ்.எம்.பஸ்ஸின் வழக்கமான 100 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் இது 450 மைக்ரோநொடி. 500 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் மின்மாற்றுச் சுற்று அதற்குள் 225 முறை திறந்து மூடியிருக்கும். அந்தச் சுற்றின் மேல்பக்க மோஸ்ஃபெட் சாவி பழுதாகி, 12 வோல்ட் உள்ளீட்டோடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். 0.2 மைக்ரோஹென்றி தூண்டுச்சுருளின் குறுக்கே 11 வோல்ட் விழும்போது, மின்னோட்டம் ஒவ்வொரு மைக்ரோநொடிக்கும் 55 ஆம்பியர் ஏறும். கீழ்பக்க மோஸ்ஃபெட்டை இயக்கி மின்னோட்டத்தைத் தரைக்கு இழுப்பதும், உள்ளீட்டைத் துண்டிக்கச் சொல்வதும் சில்லுக்குள் இருக்கும் ஒப்பீட்டிச் சுற்றால் மட்டுமே உரிய நேரத்தில் நடக்கும். நுண்செயலி எவ்வளவு வேகமானதானாலும் இந்தப் போட்டியில் அதற்கு இடமில்லை.

இது வடிவமைப்பாளர்கள் அறிந்ததுதான், ஆகவேதான் பி.எம்.பஸ் சில்லுகளிலும் ஒப்பீட்டிகள் நீடிக்கின்றன. ஆனால் அந்த ஒப்பீட்டி எதோடு ஒப்பிடுகிறது? நுண்செயலி எழுதிவைத்த எண்ணோடு. சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

பி.எம்.பஸ்ஸில் வெளியீட்டு மின்னழுத்தம் பெரும்பாலும் 16 பிட் முழு எண்ணாகச் செல்கிறது. ஓர் அலகு எத்தனை வோல்ட் என்பதைச் சில்லின் வேறொரு பதிவகத்தில் உள்ள அடுக்கு எண் தீர்மானிக்கும். அது −12 என்றால் ஓர் அலகு 4096இல் ஒரு பங்கு வோல்ட்; −13 என்றால் 8192இல் ஒரு பங்கு. பழைய சில்லின் −13ஐ நம்பி எழுதிய நிரல், −12 கொண்ட புதிய சில்லோடு பேசும் நிலையை எண்ணிப் பாருங்கள். 1 வோல்ட் கேட்டு 8192 என்று எழுதுகிறது. சில்லு 2 வோல்ட் என்று புரிந்துகொள்கிறது. மிகையழுத்த வரம்பு சரியாக இருந்தால் அது இதைப் பிடித்திருக்கும். ஆனால் அந்த வரம்பையும் அதே நிரல்தான் எழுதுகிறது: 1.15 வோல்ட்டுக்கு 9421. சில்லுக்கு அது 2.3 வோல்ட். இனி அளவீட்டைத் திரும்ப வாசித்தால் 8192 வரும். நிரல் அதை 1.0 வோல்ட் என்று மொழிபெயர்த்துத் திரையில் காட்டும். ஆணை, வரம்பு, சாட்சி மூன்றும் ஒரே திசையில், ஒரே விகிதத்தில் பிழைக்கின்றன. மையச் செயலி கருகும்போதும் கண்காணிப்புப் பலகத்தில் எந்த எச்சரிக்கையும் எழாது.

செய்தியோடு சேர்த்து அனுப்பும் பிழைச் சரிபார்ப்புப் பைட் இங்கே உதவாது. கம்பியில் சிதைந்த செய்தியை அது கண்டுபிடிக்கும். சிதையாமல் போய்ச் சேர்ந்த தவறான எண்ணுக்கு அது நற்சான்றே தரும்.

பிழை மட்டுமல்ல, தீய நோக்கமும் இதே வழியில் நுழையும். 2019இல் வெளியான பிளண்டர்வோல்ட் ஆய்வு, மென்பொருள் வழியே மின்னழுத்தத்தைக் குறைத்து இன்டெல் செயலிகளின் பாதுகாப்புப் பெட்டகத்தில் கணக்குப் பிழைகளை உண்டாக்கலாம் என்று காட்டியது. இன்டெல் அந்த வழியை அடைத்தது. 2023இல் பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பி.எம்.ஃபால்ட் என்ற ஆய்வில், சூப்பர்மைக்ரோ சேவையகப் பலகையின் பி.எம்.பஸ் வழியாக அழுத்தச் சீராக்கிக்கே ஆணையிட்டு, அந்த அடைப்பைச் சுற்றிச் சென்றார்கள். அழுத்தத்தை வரம்புக்கு மேல் ஏற்றினால் சியோன் செயலிகளை மீளாதபடி அழிக்க முடியும் என்பதையும் நிறுவினார்கள். நெறிமுறையில் எழுதுவதைத் தடுக்கும் ஆணை ஒன்று உண்டு. ஆனால் அதை நீக்கும் ஆணையும் அதே கம்பியில்தான் வருகிறது. தற்செயலான மாற்றத்தை அது தடுக்கும், வேண்டுமென்றே வருபவரைத் தடுக்காது.

வரம்புகளை மாற்றும் வசதி தேவை என்போர் சொல்வதில் உண்மை உண்டு. ஒரே பலகை பல தயாரிப்புகளில் பயன்படுகிறது. சுமை குறையும்போது அழுத்தத்தைக் குறைத்தால் ஆற்றல் மிச்சமாகிறது. இந்த வசதியைக் கைவிட வேண்டியதில்லை. சில்லின் ஒரு முனையோடு இணைத்த மின்தடை உச்ச வரம்பை நிறுவட்டும். அதற்குக் கீழே நுண்செயலி விரும்பியபடி இறுக்கட்டும், தளர்த்த மட்டும் இயலாதிருக்கட்டும். கூடுதல் செலவு ஒரு மின்தடையும் ஒரு முனையும்தான். முனைகளை மிச்சப்படுத்தும் ஆசையில் இதை இழப்பது நல்ல வணிகமும் ஆகாது.

இனி நுண்செயலியின் உண்மையான பணிக்கு வருவோம். ஒரு மின்வழி சரிந்தால், அதைச் சார்ந்த பிற வழிகளும் சில மில்லிநொடிகளில் சரியும். எல்லாச் சில்லுகளும் தாழ்வழுத்தம் என்று கொடி உயர்த்தும். முதலில் வீழ்ந்தது எது என்பது கூட்டத்தில் மறையும். நிலைப் பதிவகங்களின் பிட்டுகள் துடைக்கும்வரை தங்கியிருந்தாலும், எது முந்தியது என்று அவை சொல்வதில்லை. லினக்ஸ் கர்னலில் 2011 முதல் உள்ள பி.எம்.பஸ் இயக்கி, தொடக்கத்திலேயே பழுதுகளைத் துடைக்கும் ஆணையை அனுப்புகிறது. சில்லில் எந்தெந்த ஆணைகள் உண்டு என்று தேடும்போதே பொய்ப் பழுதுகள் எழும் என்பதால் அதற்கு நியாயம் இருக்கிறது. எனினும், மறுதொடக்கத்துக்குக் காரணமான பழுதின் தடயமும் கூடவே போய்விடும். எட்டு மின்வழிகளைக் கண்காணிக்கும் எல்.டி.சி.2977 போன்ற சில்லுகள், அண்மை அளவீடுகளைச் சுழற்சியாக வைத்திருந்து, பழுது நேர்ந்ததும் மின்சாரம் போனாலும் அழியாத தம் நினைவகத்தில் எழுதிவிடுகின்றன. பொதுவான துடைப்பு ஆணை அந்தப் பதிவைத் தொடாது. நிரலர்கள் இதை வாசித்து, காலக்குறியிட்டுச் சேமித்த பின்னரே எதையும் துடைக்க வேண்டும். கண்காணிப்பு மென்பொருளின் தகுதியை நான் அளப்பது முதலில் இதை வைத்துத்தான்.

ஏற்புச் சோதனையும் இதற்கேற்ப மாற வேண்டும். இன்று நுண்செயலி நலமாக ஓடும்போதே காப்பைச் சோதிக்கிறார்கள். வரம்புப் பதிவகங்களில் முன்கூட்டியே உச்ச எண்ணை நிரப்பிவிட்டு, நுண்செயலியை நிறுத்திவைத்து, கடிகாரக் கம்பியைத் தரையோடு பிடித்து, அதன்பின் வெளியீட்டை 12 வோல்ட்டோடு இணைத்துப் பார்க்க வேண்டும். கீழ்பக்க மோஸ்ஃபெட் சில மைக்ரோநொடிகளில் இயங்குகிறதா, உள்ளீடு துண்டிக்கப்படுகிறதா, கம்பியை விடுவித்த பிறகு பதிவில் முதற்பழுது எதுவென்று இருக்கிறதா என்ற மூன்றையும் அலைக்காட்டியும் நினைவகமும் சொல்லிவிடும்.