மூச்சைக் காத்தவர்கள்

மயக்க மருந்து வருமுன் சத்திர சிகிச்சையின்போது நோயாளியை நாலு பேர் அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள். 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் ஆவியால் ஒருவரை உறங்க வைத்துக் காட்டினார். மறு ஆண்டே அது கல்கத்தாவுக்கும் வந்துவிட்டது.

ஆனால், ஆவி கொடுப்பவருக்குப் புகழ் ஏது? அப்பணியில் அமர்த்தப்பட்ட இளம் டாக்டர்களின் கண் நோயாளியின் முகத்தில் நிற்கவில்லை. கத்தியின் பக்கமே ஓடியது. அதனால் அமெரிக்காவில் சில மருத்துவமனைகள் அப்பணியைச் செவிலியரிடம் ஒப்படைத்தன. மேயோ சகோதரர்களிடம் பணியாற்றிய ஆலிஸ் மகா என்னும் செவிலி, ஈதரைத் துளித்துளியாக விட்டு, இதமாகப் பேசிக்கொண்டே நோயாளியை உறங்கச் செய்வார். 14,000-க்கு மேற்பட்டோருக்கு மயக்கம் கொடுத்தும் அதனால் ஓர் உயிரும் போகவில்லை என்று 1906-இல் அவர் எழுதினார். அவருக்குப் பல்கலைக் கழகம் இதைக் கற்பிக்கவில்லை, அனுபவமே கற்பித்தது. இன்றோ அந்நாட்டில் 2022 முதல் இப்பயிற்சியில் சேரும் செவிலியர் முனைவர் நிலைப் படிப்பையே மேற்கொள்ள வேண்டும்.

நம் நாடு வேறு வழியில் சென்றது. வேலூரில் 1909-இல் தோன்றிய செவிலியர் பள்ளி, 1946-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் பட்டம் தரும் கல்லூரியாயிற்று. ஆயினும் மயக்கம் கொடுப்பது இங்கே டாக்டரின் பொறுப்பு. சுந்தரபாண்டியத்துப் பெண்ணொருத்தி அப்பொறுப்பையே விரும்பினால், முதலில் மருத்துவப் பட்டம், பிறகு மயக்கவியலில் மேற்பட்டம் பெற வேண்டும். செவிலியாகச் சென்றால், அந்த டாக்டரின் அருகில் நின்று நாடியையும் மூச்சையும் கவனிப்பாள்.