கலிபோர்னியாவின் உள்ளூர்க் கல்வி அறக்கட்டளைகள்: ஆசிரியர் சிறுநல்கையின் தோற்றமும் மாற்றமும்

முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசுப் பள்ளிகளில் ஓவியம், இசை, நாடகம், பள்ளித் தோட்டம் முதலான படைப்பாக்கப் பணிகளுக்கு உள்ளூர்க் கல்வி அறக்கட்டளைகள் நல்கை வழங்குகின்றன. இவை பள்ளி நிர்வாகத்தின் உறுப்புகள் அல்ல. பெற்றோர், வணிகர், ஊர்மக்கள் ஆகியோரிடம் நன்கொடை திரட்டித் தம் பகுதிப் பள்ளிகளுக்கு அளிக்கும் தனி அமைப்புகள். கலிபோர்னியாவில் இவை பெருகிய வரலாற்றுச் சூழலையும், ஆசிரியரின் முயற்சிக்கு உதவத் தோன்றிய நல்கை அரசு நிதிக்கு மாற்றாக மாறிய போக்கையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நீதிமன்றமும் வரி வரம்பும்

கலிபோர்னியப் பள்ளிகளின் வருவாயில் பெரும்பங்கு நெடுங்காலம் உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்தே கிடைத்தது. இதனால் ஊரின் செல்வமே பள்ளியின் தரத்தை முடிவு செய்தது. 1968-69 கல்வியாண்டில் பால்ட்வின் பார்க் பள்ளி மாவட்டம் ஒரு மாணவருக்கு ஏறத்தாழ 577 டாலர் செலவிட்டது. பெவர்லி ஹில்ஸ் 1,232 டாலர் செலவிட்டது. ஆனால் வரி விகிதமோ பால்ட்வின் பார்க்கில்தான் இருமடங்குக்கும் மேலாக இருந்தது. செரானோ எதிர் பிரீஸ்ட் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 1971-இல் இம்முறையைக் கண்டித்தது. 1976-இல் தன் நிலைப்பாட்டை மாநில அரசியலமைப்பின் அடிப்படையில் உறுதி செய்தது.

1978 சூன் மாதம் வாக்காளர்கள் ஏற்ற முன்மொழிவு 13, சொத்துவரியை மதிப்பீட்டுத் தொகையின் ஒரு விழுக்காட்டிற்குள் நிறுத்தியது. மதிப்பீடும் ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டிற்கு மேல் உயரக்கூடாது என வரையறுத்தது. பள்ளி நிதியைப் பகிரும் அதிகாரம் மாநிலத் தலைநகருக்குச் சென்றது. வருவாய் சுருங்கியபோது கோடைகாலப் பள்ளிகளும் கலை, இசை வகுப்புகளுமே முதலில் பாதிக்கப்பட்டன. தேர்வுக்குரிய பாடங்களைக் குறைக்க இயலாத நிர்வாகங்கள், கலையைக் குறைக்கக்கூடிய செலவாகக் கருதின.

சிறுநல்கையின் தோற்றம்

இந்நெருக்கடிக்கு அடுத்த ஆண்டே, 1979-இல், கிளாடிஸ் தாச்சர் சான் பிரான்சிஸ்கோ கல்வி நிதியத்தை நிறுவினார். சிறு தொகையால் வகுப்பறையில் விளையும் பயனை அந்நகரம் முன்பே கண்டிருந்தது. சிற்பி ரூத் அசாவாவும் சாலி உட்பிரிட்ஜும் 1968-இல் அல்வராடோ தொடக்கப்பள்ளியில் கலைப் பட்டறை தொடங்கியிருந்தனர். மாவும் உப்பும் நீரும் பிசைந்த களியும், பயன்படுத்தி எறிந்த பால் அட்டைப்பெட்டிகளுமே குழந்தைகளின் மூலப்பொருள்களாயின. கலைஞரும் பெற்றோரும் வகுப்பறைக்குள் வந்தனர்.

சிறுநல்கையின் நடைமுறை எளியது. ஆசிரியர் தம் திட்டத்தின் நோக்கம், தேவையான பொருள்கள், செலவு ஆகியவற்றை எழுதி விண்ணப்பிப்பார்; அறக்கட்டளைக் குழு பரிசீலித்துத் தேர்ந்தெடுக்கும். தொகை பெரும்பாலும் சில நூறு டாலர் முதல் சில ஆயிரம் டாலர் வரை அமையும். பள்ளியின் மொத்தச் செலவோடு ஒப்பிட இது அற்பமே. எனினும், மேலிருந்து வரும் ஆணையை நிறைவேற்றுபவராக மட்டுமே இருந்த ஆசிரியர், தம் வகுப்பிற்கு வேண்டியதைத் தாமே திட்டமிடுபவர் ஆனார். சிறுநல்கையின் வரலாற்றுச் சிறப்பு தொகையில் இல்லை. இந்த உரிமையில் உள்ளது. ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு 1983-இல் பிட்ஸ்பர்க்கில் தோன்றிய பொதுக்கல்வி நிதியம், இத்தகைய அமைப்புகள் பிற நகரங்களிலும் உருவாகத் துணைநின்றது.

நல்கையின் மாற்றம்

வரி வருவாயில் சமன்மையை வற்புறுத்திய சட்டம் தன்விருப்ப நன்கொடையைக் கட்டுப்படுத்தவில்லை. ஆகவே செல்வம் மிக்க பகுதிகளின் அறக்கட்டளைகள் பெருந்தொகை திரட்டிக் கலையாசிரியர், நூலகர், வகுப்பறை உதவியாளர் ஆகியோரின் ஊதியத்தையே ஏற்கத் தொடங்கின. வறிய பகுதிகளின் அறக்கட்டளைகளோ பொருள்கள் வாங்கித் தரும் அளவிலேயே நின்றன. நீதிமன்றம் முன்வாயிலில் தடுத்த ஏற்றத்தாழ்வு, நன்கொடை வடிவில் பின்வாயில் வழியாகத் திரும்பியது எனலாம்.

சாண்டா மோனிகா-மாலிபு பள்ளி மாவட்டத்தின் நிகழ்வு இதற்குச் சான்று. ஒரே நிர்வாகத்தின் கீழிருந்தும், மாலிபு பள்ளிகள் திரட்டிய நன்கொடை மிகுதியாக இருந்தது. பணியாளர் ஊதியத்திற்கான நன்கொடையை மாவட்டம் முழுமைக்கும் பொதுவாகத் திரட்டிப் பகிர வேண்டும் என 2011-இல் பள்ளி வாரியம் முடிவு செய்தது. தம் பிள்ளைகளின் பள்ளிக்கென அளிக்கும் பணம் பிற பள்ளிகளுக்குச் செல்வதை மாலிபு பெற்றோர் பலர் எதிர்த்தனர். பெற்றோரின் பரிவு ஒருபுறம், பொதுக்கல்வியின் நீதி மறுபுறம் என நின்ற இப்பூசல் இரண்டில் எதையும் பொய்யெனத் தள்ள இடம் தரவில்லை.

முடிவுரை

உள்ளூர்க் கல்வி அறக்கட்டளையின் நல்கை இருவேறு பணிகளைச் செய்துள்ளது. ஆசிரியரின் புதிய முயற்சிக்கு உதவியபோது அது பொதுக்கல்விக்கு உயிரூட்டியது. நிலையான ஆசிரியப் பணியிடத்திற்கு ஊதியமாக மாறியபோது அரசின் கடமையை ஊரின் வசதியிடம் ஒப்படைத்தது. எனவே ஒரு நல்கையை மதிப்பிடுகையில் அதன் அளவைக் காட்டிலும், அது நின்றுபோனால் பள்ளி எதை இழக்கும் என்பதே முதன்மையான வினாவாகிறது. ஒரு நாடகமோ தோட்டமோ நின்றால் அது இழப்பு. கலைக்கல்வியே நின்றுபோகுமெனில், அப்பொறுப்பு முதலிலேயே நன்கொடையாளரிடம் சென்றிருக்கக் கூடாது என்பதைக் கலிபோர்னிய வரலாறு புலப்படுத்துகிறது.